இபிஎஃப் பணத்தைக் கட்டினால் லெலோங் நிற்குமா?

கேள்வி: ஐயா, எனக்கு 54 வயது. புக்கிட் மெர்தாஜாமில் இரண்டு மாடி வரிசை வீடு, 2008இல் வாங்கினோம். கணவர் லாரி ஓட்டினார். இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், வேலை இல்லை. பிறை தொழிற்சாலையில் எனக்கு 2,300 வெள்ளி சம்பளம், மகன் 600 தருகிறான். வீட்டுத் தவணை 1,280. பாதி நான் கட்டுகிறேன் என்று சாமி முன்னால் சொன்ன என் அண்ணன் கைவிரித்துவிட்டார். 14 மாதம் நின்றுபோனது. வங்கி அதிகாரி போனில், 'முடியும்போது கட்டுங்கள் அக்கா' என்றுதான் சொன்னார். இப்போது உயர்நீதிமன்றத்தில் ஆணை வாங்கிவிட்டார்கள். ஆணையில் 182,300 வெள்ளி; ஏழு வாரத்தில் லெலோங் (ஏலம்). வீடு 420,000 போகும் என்கிறார் ஏஜெண்ட். என் இபிஎஃப்பில் (மலேசிய ஊழியர் சேமநிதி) அக்காவுன் பெர்சாரான் என்ற ஓய்வுக்காலக் கணக்கில் 146,000, செஜாத்ராவில் 38,000, ஃபிளெக்சிபெல்லில் 5,500. நிலுவை 17,920ஐ எடுத்துக் கட்டினால் வீடு தப்புமா? இன்னும் ஏழு மாதத்தில் 55 ஆகிவிடும், மொத்தமும் எடுத்து அடைத்துவிடுவேன். அதுவரை வங்கி பொறுக்காதா? இத்தனை ஆண்டு ஒழுங்காகக் கட்டியதற்கு மதிப்பே இல்லையா?

பதில்: அம்மா, அண்ணன் சொன்ன வாக்கு உங்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ளது; வங்கியை அது கட்டாது. போனில் சொன்னதும் அப்படித்தான். அந்த அதிகாரி அதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதியிருந்தால் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் அதை இத்தோடு விட்டுவிடுங்கள். ஒழுங்காகக் கட்டிய ஆண்டுகள் பேச்சுவார்த்தையில் கொஞ்சம் உதவும், நீதிமன்றத்தில் உதவாது. விற்பனை ஆணையைத் தடுக்க எவை காரணமாகும் என்று லோ லீ லியான் எதிர் பான் ஹின் லீ வங்கி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. கணவரின் நோயும் குடும்பக் கஷ்டமும் அந்த வரையறைக்குள் வராது.

உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமுள்ள சொல் ஒன்றுதான்: 'ஆணை'. 17,920 என்ற கணக்கு, கடன் உயிரோடு இருந்தபோது சரியான கணக்கு. வங்கி கடனை மொத்தமாகத் திரும்பக் கேட்ட நாளிலேயே தவணை என்பது போய்விட்டது. அதற்குப் பிறகு நிலுவை என்று தனியாக ஒன்று கிடையாது, முழுத் தொகையும் கடன்தான். தேசிய நிலச் சட்டம் 266ஆம் பிரிவு உங்களுக்கு ஓர் உரிமையைத் தருகிறது. ஏலம் முடிவதற்கு முன் எந்த நேரத்திலும் ஆணையில் கண்ட தொகையையும் ஆணையை நிறைவேற்ற ஆன செலவையும் செலுத்தினால் ஆணை செயலிழக்கும். அதாவது 182,300உம் செலவும். 17,920 அல்ல. ஏலம் முடிவது என்பது சுத்தியல் விழும் நொடி. அதன்பின் வாங்கியவர் மீதியைச் செலுத்த 120 நாள் இருக்கிறதே, அதற்குள் நாம் கட்டிவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 120 நாள் வாங்கியவருக்குரியது. உங்களுக்கு அதில் பங்கில்லை.

இப்போது உங்களால் எடுக்கக்கூடியது செஜாத்ராவும் ஃபிளெக்சிபெல்லும் சேர்ந்த 43,500. பெர்சாரான் கணக்கு 55 வரை பூட்டு. ஆகவே முழுதாக அடைப்பது இந்த ஏழு வாரத்தில் நடக்காது. அதனால் உங்கள் கேள்வியை நான் மாற்றிக் கேட்கிறேன்: 43,500ஐக் கொண்டு வங்கியிடம் எதை எழுத்தில் வாங்க முடியும், வாங்கினாலும் அதைக் காப்பாற்ற உங்கள் வருமானத்தால் முடியுமா?

அதற்கு முன் நோட்டீஸ் பற்றி ஒரு வார்த்தை. தவணை தவறியதற்கு வங்கி அனுப்பும் நோட்டீஸான 16டி பாரம் உங்களுக்கு ஒழுங்காகச் சேர்ப்பிக்கப்படவில்லை என்றால் அது உண்மையான சட்டக் குறை. வழக்குக் கோப்பில் சேர்ப்பிப்பு அஃபிடவிட் இருக்கும், அதை எடுத்துப் பாருங்கள். எந்த முகவரிக்கு, எந்த நாளில், எப்படி அனுப்பினார்கள் என்று அதில் இருக்கும். வீடு மாறி வங்கிக்குச் சொல்லாமல் இருந்ததால் பழைய முகவரிக்குப் போனது என்றால் அது உங்களுக்குச் சாதகம் இல்லை. மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம். ஆணை வந்த தேதியை எண்ணிக்கொள்ளுங்கள். இந்தக் குறையில் ஜெயித்தாலும் வங்கி புதிய 16டி பாரத்தோடு மறுபடி தொடங்கும். உங்களுக்குக் கிடைப்பது சில மாதம்; அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும், வழக்குச் செலவும் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும். 55ஐ எட்டிப் பிடிக்க இதை மட்டும் நம்பி வழக்குப் போடச் சொல்ல மாட்டேன்.

இனி இபிஎஃப். அந்தப் பணம் நிதிக்குள் இருக்கும்வரை இபிஎஃப் சட்டம் 51ஆம் பிரிவு அதற்கு வேலி. கடன் கொடுத்த எவரும் தொட முடியாது. நீங்கள் நொடித்துப்போனவர் என்று அறிவிக்கப்பட்டாலும் திவால் துறை அதை எடுக்க முடியாது. உங்களிடம் இருக்கும் ஒரே பத்திரமான சொத்து அது என்பதை மனதில் வையுங்கள். வெளியே எடுத்த மறுநிமிடம் அது சாதாரணப் பணம். இங்கேதான் முதல் விபத்து. ஃபிளெக்சிபெல் பணமும் 50 வயதுக்கான பணமெடுப்பும் உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் விழும். அந்தக் கணக்கு வீட்டுக் கடன் கொடுத்த அதே வங்கியில் இருந்து, அங்கேயே கிரெடிட் கார்டு பாக்கியும் இருந்தால், ஒப்பந்தப்படி அந்தப் பாக்கிக்கு அதைக் கழித்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் வங்கிக்கு உண்டு. வீட்டுக்கென்று எடுத்த பணம் கார்டுக்குப் போய்விடும், லெலோங் தேதி அப்படியே நிற்கும். எடுத்தால் கடன் எதுவும் இல்லாத வேறு வங்கியின் கணக்கில்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுக் கடன் பாக்கியைக் குறைப்பதற்கான பணமெடுப்பு வேறு வகை. செஜாத்ராவிலிருந்து நேரே வங்கியின் கடன் கணக்குக்குப் போகும், உங்கள் கை வழியாக வராது. பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் அதில் வேறு பள்ளம் இருக்கிறது. நீங்கள் எந்த ஒப்பந்தமும் பேசாமல் ஐ-அக்காவுனில் (இபிஎஃப்பின் இணையக் கணக்கு) விண்ணப்பித்து 38,000 போய்ச் சேர்ந்தது என்று வையுங்கள். வங்கி வாங்கிக்கொள்ளும், ரசீதும் தரும். கடன் 182,300 என்பது 144,300 ஆகும். லெலோங் நடக்கும். ஏனென்றால் நீங்கள் கடனைக் குறைத்தீர்களே தவிர, ஆணையை நிறுத்த எதுவும் செய்யவில்லை. பகுதித் தொகையை வாங்கிக்கொண்டதால் வங்கி தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. கடன் ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு வரி இருக்கும். இந்த வகைப் பணமெடுப்பு ஆண்டுக்கு ஒரு முறைதான். அவசரத்தில் அனுப்பி வீணாக்கினால் அடுத்த மாதம் இன்னொன்று போட முடியாது. மாதத் தவணைக்கான பணமெடுப்பு என்று ஒன்றும் உண்டு. கடன் பழைய நிலைக்கு வந்தபிறகு மாதாமாதம் கைகொடுக்க அது நல்லது, இப்போது எதற்கும் ஆகாது.

ஆகவே வரிசை இது: முதலில் தாள், பிறகு பணம். வங்கியின் வழக்கறிஞருக்கு, 'பாதகமின்றி' (without prejudice) என்று தலைப்பிட்டுக் கடிதம் எழுதி, இன்றைய தேதிக்கு மொத்த அடைப்புத் தொகை என்ன, வழக்குச் செலவு என்ன என்று கேளுங்கள். கிளை மேலாளரிடம் போய் உட்கார வேண்டாம், கோப்பு அவர் கையில் இல்லை. கடன் மீட்புப் பிரிவில் இருக்கிறது. பணம் நகர்வதற்கு முன் அவர்கள் கடிதத்தில் இவை தெளிவாக இருக்க வேண்டும்: குறிப்பிட்ட தேதி லெலோங் ரத்து, கடன் பழையபடி தவணைக் கடனாகத் திரும்புகிறதா, புதிய தவணை எவ்வளவு, ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும். கடைசியாக, பலர் படிக்காமல் கையெழுத்துப் போடும் வரி: விற்பனை ஆணை என்ன ஆகிறது? பெரும்பாலான வங்கிகள் ஏலத் தேதியை மட்டும்தான் விலக்கும். ஆணை அப்படியே தூங்கும். எட்டு மாதம் கழித்து இரண்டு தவணை தவறினால் புதிய வழக்கு தேவையில்லை, பழைய ஆணையை எழுப்பி நேரே தேதி வாங்குவார்கள். முதல் தடவை 14 மாதம் இழுத்தோமே, அடுத்ததும் அப்படி இழுக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

சரி, எல்லாம் எழுத்தில் கிடைத்துவிட்டது, 40,000 கட்டிவிட்டீர்கள் என்றே வைப்போம். மீதம் 142,300. வட்டி 4.3 விழுக்காடு, 70 வயது வரை 16 ஆண்டு என்று நீட்டினால் தவணை மாதம் ஏறக்குறைய 1,030. இன்றைய 1,280ஐ விட 250தான் குறைவு. இரண்டு பேர் கொடுக்கும் 2,900இல் 1,030 போனால், டயாலிசிஸ் போக்குவரத்து, மருந்து, சாப்பாடு, மின்சாரம், சாலை வரி எல்லாம் 1,870க்குள். மகன் நாளை கல்யாணம் செய்தால் 1,270க்குள். தொழிற்சாலை உங்களை 60இல் ஓய்வு கொடுக்கும்போது கடன் இன்னும் ஒரு லட்சம் அளவில் நிற்கும். அப்போது அதை அடைக்கப்போவது பெர்சாரான் பணம்தான். அல்லது நீங்கள் சொன்னபடி 55லேயே அள்ளிக் கொட்டி அடைப்பீர்கள். கடன் இல்லாத வீடு கையில் இருக்கும். வேலை செய்யமுடியாத கணவர், ஐந்து ஆண்டில் நிற்கப்போகும் சம்பளம், இபிஎஃப்பில் சில ஆயிரம்.

அதனால் பச்சையாகச் சொல்கிறேன்: இந்த வீட்டை நீங்களே விற்றுவிடுங்கள்.

வருத்தமாக இருக்கும், தெரியும். கணக்கைப் பாருங்கள். 420,000க்கு விற்று, வங்கிக்கு செலவும் வட்டியும் சேர்த்து 190,000 கொடுத்து, ஏஜெண்டுக்கு மூன்று விழுக்காடும் சேவை வரியும், வழக்கறிஞர் கட்டணமும் போக, இரண்டு லட்சத்தை ஒட்டிக் கையில் நிற்கும். 17 ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீடு. குடிமக்களுக்கு ஆறாம் ஆண்டிலிருந்து நில ஆதாய வரி பூஜ்யம். இபிஎஃப் 189,500 தொடப்படாமல் இருக்கும். லெலோங்கில் முதல் சுற்று சந்தை விலையை ஒட்டித் தொடங்கும், ஆள் வராவிட்டால் அடுத்த சுற்றில் பத்து விழுக்காடு இறங்குவது வழக்கம். 420,000 என்பது 378,000 ஆகி, 340,200 ஆகும். ஒவ்வொரு சுற்றுக்கும் விளம்பரச் செலவும் வட்டியும் உங்கள் கணக்கில். கடன் போக மீதிப் பணம் உங்களுக்குத்தான் வரும், வங்கி விழுங்கிவிடாது. ஆனால் அந்த மீதியைத்தான் லெலோங் கரைக்கிறது. உங்களைப் போல வீட்டு மதிப்பு கடனை விட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பவர்கள் லெலோங்குக்கு வீட்டை விடுவது, பாதிக் கிணற்றைத் தாங்களே மூடுவதற்குச் சமம்.

ஏழு வாரத்தில் விற்பனை முடியாது. ஒப்பந்தத்திலிருந்து மூன்று மாதம், நீட்டிப்பு ஒரு மாதம் என்பதுதான் நடைமுறை. ஆனால் ஏழு வாரத்தில் வாங்குபவரைப் பிடித்து விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க முடியும். அதுதான் இலக்கு. கையெழுத்தான ஒப்பந்தம், வாங்குபவரின் வங்கிக் கடன் ஒப்புதல் கடிதம், அதோடு பத்து விழுக்காடு முன்பணத்திலிருந்து ஒரு பகுதி நேரே வங்கியின் வழக்கறிஞருக்கு. இந்த மூன்றையும் காட்டி ஏலத்தை ஒத்திவைக்கக் கேட்டால் பெரும்பாலும் கேட்பார்கள். முழுப் பணமும் வரும் வழி கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா. இங்கே இபிஎஃப்புக்கு நியாயமான ஒரு வேலை இருக்கிறது: ஆள் கிடைக்கும் முன்பே நல்லெண்ணத் தொகையாக எட்டாயிரம், பத்தாயிரம் கேட்டால் கொடுக்க. அதற்கு மேல் வேண்டாம். அதுவும் ஒத்திவைப்புக் கடிதம் கைக்கு வந்தபிறகு. விலையில் அடம் பிடிக்காதீர்கள். 420,000க்கு ஆறு மாதம் காத்திருப்பதை விட 400,000க்கு இந்த மாதம் நல்லது. மகன் வாங்க முடியும் என்றால் அதுவும் ஒரு வழி. ஆனால் அவன் சம்பளத்துக்கு வங்கி கடன் தருமா என்பதை இந்த வாரமே விசாரியுங்கள், பாசத்தை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

இனி, நான் அதிகம் பயப்படுவது வேறு ஒருவருக்கு. லெலோங் விளம்பரம் வெளிவந்ததும் உங்களுக்குப் போன் வரும். சில சமயம் வாசலுக்கே வருவார்கள். தமிழில் பேசுவார்கள், 'அம்மா, நம்ம ஆளு வீடு லெலோங் போகலாமா' என்பார்கள். திட்டம் இப்படி இருக்கும்: வங்கிக்கு 182,300ஐ நான் கட்டுகிறேன், வீட்டை என் பேரில் மாற்றுவோம், வெறும் பேப்பருக்குத்தான், நீங்கள் அதே வீட்டில் இருங்கள், மாதம் 1,500 'வாடகை' கொடுங்கள், உங்களுக்கு 55 ஆனதும் இபிஎஃப் எடுத்து 230,000 கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வயதும் இபிஎஃப் தொகையும் அவருக்குப் பொருந்திவருவது தற்செயல் இல்லை, இந்தத் திட்டமே 53, 54 வயதுக்காரர்களுக்காகத் தைத்தது. கையெழுத்து கேட்பது மூன்று தாள்: 230,000 என்று எழுதாத விற்பனை ஒப்பந்தம், 14ஏ பெயர் மாற்றுப் பாரம், அதிகாரப் பத்திரம். திரும்ப விற்கும் வாக்கு மட்டும் வாயில் இருக்கும், அல்லது முத்திரைத் தாள் இல்லாத ஒரு காகிதத்தில். பெயர் மாறிய மறுமாதம் அவர் அந்த வீட்டை வேறு வங்கியில் அடமானம் வைப்பார், அல்லது மூன்றாம் ஆளுக்கு விற்பார். நல்ல நம்பிக்கையில் விலை கொடுத்து வாங்கிய அந்த மூன்றாம் ஆளின் பட்டாவை உடைப்பது மிகக் கடினம்.

இதை மறைமுகக் கடன் என்று நிரூபிக்க முடியும் என்று சிலர் சொல்வார்கள். முடியும். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விட்டவரின் ஒப்பந்தம் 1951ஆம் ஆண்டு வட்டிக்குக் கடன் கொடுப்போர் சட்டப்படி செல்லாது. உரிமம் உள்ளவரே அடமானக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. 182,300ஐக் கொடுத்து ஏழு மாதத்தில் 230,000 கேட்பது எத்தனை விழுக்காடு என்று நீங்களே பாருங்கள். ஆனால் அந்த வழக்கை நீங்கள் வீட்டுக்கு வெளியே நின்று, காசு கட்டி, ஆண்டுக் கணக்கில் நடத்த வேண்டியிருக்கும். பட்டாவின் அசலையோ வெற்றுப் பாரத்தில் கையெழுத்தையோ யாருக்கும் கொடுக்காதீர்கள். 'உங்களுக்கும் அவருக்கும் ஒரே லாயர் போதும்' என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

இபிஎஃப் பணத்தைச் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன், பத்து விழுக்காடு கொடுங்கள் என்று வரும் ஏஜெண்டும் அதே இனம். இபிஎஃப் யாரையும் ஏஜெண்டாக நியமிக்கவில்லை. போலி ஆவணம் வைத்து எடுத்தால் குற்றம் உங்கள் பேரில்தான் விழும்.

கடனுக்கு யாராவது ஜாமீன் போட்டிருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. குடியிருக்கும் வீட்டுக் கடனுக்குப் பணம் வாங்காமல் ஜாமீன் நின்றவரை 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு திவாலாக்க முடியாது. ஆனால் வழக்குப் போட்டுத் தொகை கேட்கலாம். உங்கள் வீட்டு மதிப்புக்குக் கடன் மிஞ்சும் வாய்ப்பு குறைவு, அதனால் இந்தக் கவலை உங்களுக்கு இரண்டாம் பட்சம். கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயிடம் போகலாம், இலவசம்தான். அவர்கள் திட்டம் போட, செலவு போக மாதம் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும், வங்கியும் சம்மதிக்க வேண்டும். கார்டு பாக்கி இருந்தால் அதற்குப் போங்கள். விற்பனை ஆணை வந்துவிட்ட வீட்டுக்கு அவர்களை நம்பி ஏழு வாரத்தைச் செலவழிக்காதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: ஆணையின் நகல், ஏல அறிவிப்பு, கடன் ஒப்பந்தம், பட்டா நகல், நில வரியும் மதிப்பீட்டு வரியும் கட்டிய ரசீது, இபிஎஃப் அறிக்கை ஆகியவற்றோடு உங்கள் சார்பில் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் முடியாது என்றால் அரசின் சட்ட உதவித் துறைக்குப் பினாங்கிலும் அலுவலகம் உண்டு, வருமானச் சோதனைக்கு சம்பளச் சீட்டைக் கொண்டு போங்கள். அவர் மூலம் அடைப்புத் தொகையைக் கேட்டுக் கடிதம் போகட்டும். அதே நாளில் ஏஜெண்டிடம் 400,000 முதல் 420,000 வரை என்று விலை சொல்லி வீட்டைப் பட்டியலில் போடுங்கள். வாசல் கதவில் ஒட்டிய நோட்டீசைக் கிழிக்க வேண்டாம். அதில் இருக்கும் தேதியையும் வழக்கு எண்ணையும் வழக்கறிஞர் கேட்பார்.